யாரையும் வெட்டாத கம்ப்யூட்டர்

செக்கானூரணியில் அக்கா மகனுக்குக் காது குத்தியபோது கேமராவை நான்தான் பிடித்தேன். வழக்கமாக அண்ணன் பிடிப்பான். அன்று அவன் தாய்மாமன். சீர் கொண்டு வருகிறவனே சீரைப் படம் பிடிக்க முடியாது. "செல்வி, இந்தச் சிவப்புப் பட்டனை அமுக்கிட்டு நட. வேற எதையும் தொட்றாத" என்று சொல்லிவிட்டு மாலையைப் போட்டுக்கொண்டான்.

எனக்குக் கூட்டம் ஆகாது. விசேஷ வீடுகளில் அடுப்படிப் பக்கமே நின்று சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். கேமராவைக் கண்ணில் வைத்ததும் புதிதாக ஒன்று தெரிந்தது. எல்லோரும் கேமராவைத்தான் பார்க்கிறார்கள். அதற்குப் பின்னால் நிற்கிறவளை யாரும் பார்ப்பதில்லை. நான்கு டேப் முடிந்தது. சாப்பிடக்கூட நினைவு வரவில்லை.

அண்ணன் பெயர் காசிமாயன். அவனியாபுரத்தில் அப்பாவின் லேத் பட்டறையில் வேலை. முகூர்த்த நாட்களில் மட்டும் வீடியோ எடுக்கப் போவான். எடுத்த டேப்புகளை மிக்ஸிங்குக்கு டவுனில் கொடுப்பான். மிக்ஸிங் என்றால் எடுத்ததை ஒழுங்காக அடுக்கி, பாட்டுச் சேர்த்து, சிடியில் போடுவது. டவுன்காரர் மாதக்கணக்கில் இழுப்பார். அதற்குள் பொண்ணு மாப்பிள்ளைக்குக் குழந்தை பிறந்துவிடும். "கல்யாண சிடி எங்கடா?" என்று ஆட்கள் பட்டறைக்கே வந்து அண்ணனைக் கேட்பார்கள். அவன் லேத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான்.

நான் முந்தைய ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்திருந்தேன். காது குத்தியது 2003 ஏப்ரலில். அப்பாவுக்கு என்னைப் பற்றி ஒரே திட்டம்தான் இருந்தது: பக்கத்து மெட்ரிகுலேஷன் பள்ளியில் டீச்சர் வேலை. மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். ஒளிவிலகல் எடுத்தேன். முதல் பெஞ்சுக்குக் கேட்டதாம், இரண்டாவது பெஞ்சுக்குக் கேட்கவில்லையாம். தாளாளர் நல்ல மனிதர். "ஜூன்ல சேரும்மா, குரல் தானா வந்துரும்" என்றார். ஜூனுக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரில் எண்ணிப் பார்த்தேன்.

மறுநாள் அண்ணனிடம் சொன்னேன்: வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் மிக்ஸிங்கை நானே செய்வேன். கல்லூரி லேபில் ஓரளவு பழகியிருந்தேன், மீதியைப் படித்துக்கொள்வேன். அண்ணன் அப்பாவிடம் சொன்னான். எங்கள் வீட்டில் என் பேச்சு அப்படித்தான் போய்ச் சேரும்.

அப்பா சாப்பிட்டு முடித்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "சரி, வாங்கித் தாரேன். பேச்சி மகன் காதுகுத்த இந்தப் புள்ளையே போட்டுக் காட்டட்டும். சொந்தக்காரவுக பாத்துட்டு நல்லாருக்குன்னு சொன்னா, வீட்டுலயே இந்த வேலையப் பாக்கட்டும். எவனாவது மூஞ்சியத் தூக்குனா, ஜூன்ல பள்ளிக்கூடம். அவ்வளவுதான்."

பேச்சி என்பது பேச்சியம்மாள், என் அக்கா.

மாடிப்படிக்குக் கீழே எங்களுக்கு ஒரு சின்ன அறை உண்டு. அரிசி மூட்டையும் பழைய டேபிள் ஃபேனும் கிடக்கும். அதற்குக் கதவு உண்டு, கதவுக்குத் தாழ்ப்பாளும் உண்டு. கம்ப்யூட்டரை நினைக்கும்போதெல்லாம் அந்தத் தாழ்ப்பாளும் சேர்ந்தே எனக்கு நினைவு வந்தது.

அப்பா சொன்ன தொகைக்குள் என்ன கம்ப்யூட்டர் வாங்குவது என்று நானே கணக்குப் போட்டேன். ஒரு மணி நேர டேப்பைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினால் பதிமூன்று ஜிபி இடம் பிடிக்கும். எங்களிடம் நான்கு டேப். ஆனால் நாலு மணி நேரக் காதுகுத்தை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? ஒரு டேப்பை ஏற்றுவது, வேண்டாததை வெட்டுவது, அடுத்த டேப்பை ஏற்றுவது. கடைசியில் ஒன்றே கால் மணி நேரம் மிஞ்சும், ஒரே சிடியில் அடங்கிவிடும். அதற்கு நாற்பது ஜிபி ஹார்ட் டிஸ்க் தாராளம். மிச்சம் பிடிக்கிற காசில் நல்ல பதினேழு அங்குல மானிட்டர் வாங்கலாம். இரண்டு முறை சரிபார்த்தேன். விடை மாறவில்லை. எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் காளவாசல் போனோம். மருந்துக்கடைக்கு மேலே, குறுகலான படி ஏறினால் கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் பெயர் ஹரிஷ்குமார். முப்பது வயதுக்குள் இருக்கும். நாங்கள் உள்ளே போனபோது போனில் யாரிடமோ சௌராஷ்டிராவில் வேகமாகப் பேசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அதே வேகத்தில் தமிழுக்கு மாறினார்.

"வாங்கண்ணே. வாங்க பாஸ். வாங்க மேடம். பிள்ளைங்க படிக்கவா, கேம் விளையாடவா?"

"வீடியோ மிக்ஸிங்குக்கு" என்றான் அண்ணன்.

"அப்படிச் சொல்லுங்க. அதுக்குன்னே ஒரு செட் இருக்கு."

அப்பா அதற்குள் ஒரு கேபினெட்டை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "தகடு லேசா இருக்கே தம்பி. கனம் என்ன கேஜு?"

ஹரிஷ்குமார் கேபினெட்டையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "நாலு வருஷமா கடை வெச்சிருக்கேன். கேஜு கேட்ட மொத ஆளு நீங்கதாண்ணே."

"பட்டறைக்காரன்ட்ட வேற என்னத்த எதிர்பாக்குற?"

அண்ணன் வேறொரு கேபினெட் முன்னால் நின்றான். பக்கவாட்டில் கண்ணாடி. உள்ளே நீல விளக்குடன் ஒரு ஃபேன் சுற்றியது. "மாப்ள, இந்த நீல லைட்டு எதுக்கு?" வந்து பத்து நிமிடத்தில் ஹரிஷ்குமார் அவனுக்கு மாப்ள ஆகியிருந்தார்.

"பாக்க நல்லாருக்கும்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"அப்ப இதையே போடு."

நான் அண்ணன் சட்டையை இழுத்து, அவன் காதில் என் கணக்கைச் சொன்னேன். அவன் சத்தமாகச் சொன்னான். "பென்டியம் ஃபோராம். நாப்பது ஜிபி டிஸ்க்காம். கேமராவுல இருந்து நேரா ஏத்துற கார்டாம். பதினேழு இஞ்ச் மானிட்டராம்."

"மேடம் சரியாத்தான் சொல்றாங்க" என்றார் ஹரிஷ்குமார். "ஒரு டவுட்டு பாஸ். அவங்க சொல்றத நீங்க சொல்லிட்டீங்க. நான் சொல்றத அவங்ககிட்ட யாரு சொல்றது?"

"நேராவே சொல்லு மாப்ள. காது நல்லாத்தான் கேக்கும்."

நான் தரையைப் பார்த்தேன். தரையில் திருகாணிகள் நிறையக் கிடந்தன.

கடைக்காரர் காட்டுகிற படத்தைப் பார்த்து மெஷின் வாங்கக் கூடாது என்பதில் அண்ணன் உறுதியாக இருந்தான். கேமராவையும் டேப்பையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். "நம்ம டேப்ப ஏத்திக் காட்டு" என்றான். ஹரிஷ்குமார் கடையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு மெஷினில் கேமராவை மாட்டினார். அந்த மெஷின் முழுக்க பாட்டும் கேமும் நிரப்பி வைத்திருந்தார். "கொஞ்சம்தான் இடம் இருக்கு. சாம்பிளுக்குப் போதும்" என்றார்.

டேப் ஓடியது. அது சீர் ஊர்வலம் உள்ள டேப்.

முதலில் கொட்டு வந்தது. பிறகு மாலை போட்ட இரண்டு கடாக்கள். பிறகு தட்டுகள். வாழைப்பழத் தட்டு, தேங்காய்த் தட்டு, பட்டுச் சட்டைத் தட்டு, லட்டு, பிஸ்கட், பொம்மை, பூ. ஒரு தட்டுக்கு ஒரு பெண். தாய்மாமன் சீர் என்றால் எங்கள் பக்கம் நூற்றியொரு தட்டு. நான் ஒவ்வொருவராக முகம், தட்டு, மறுபடி முகம் என்று எடுத்திருந்தேன். படம் ஆடவில்லை. எனக்கே ஆச்சரியம்.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்விட்டார். "பேயாண்டி பொஞ்சாதி. அதுக்குப் பின்னாடி கீழத்தெரு வெள்ளைத்துரை மக. இது யாரு, ஓ, உங்க அம்மா. ஏன் இப்படி உர்ருன்னு வாரா?"

"செருப்புக் கடிச்சுதாம்" என்றான் அண்ணன்.

பிரிண்டர் மை வாங்க வந்திருந்த ஒருவரும் நின்று பார்க்க ஆரம்பித்தார். தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. அண்ணன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். "பூத் தட்டு முடிஞ்சதும் நான் வருவேன். பட்டு வேட்டி, தலப்பா, குடை எல்லாம் இருக்கு."

பூத் தட்டு முடியவில்லை. திரை நின்றது. இடமில்லை என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது.

"நான் எங்க?" என்றான் அண்ணன்.

"நீங்க இன்னும் வரல பாஸ். அதுக்குள்ள டிஸ்க் நெறஞ்சுருச்சு" என்றார் ஹரிஷ்குமார். "அதனால ஒண்ணுமில்ல. வெட்டிறலாம். தட்டெல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு. மொத நாலு, கடைசி நாலு வெச்சுக்குவோம். நடுவுல ரோஜாப்பூ விரியுற மாதிரி ஒரு எஃபெக்ட் போட்டா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுரும்."

அப்பா மெதுவாகத் திரும்பினார். "நடுவுல வாரவுக?"

"பூவுக்குள்ள போயிருவாங்கண்ணே."

 பிரிண்டர் மை வாங்க வந்தவர் மட்டும் சிரித்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அதையும் நிறுத்திக்கொண்டார்.

"தம்பி" என்றார் அப்பா. "ஒம்பதாவதா ஒரு தட்டு வந்துச்சே, லட்டுத் தட்டு, அது என் தங்கச்சி ஒச்சாயி. எங்க மூத்த புள்ள கல்யாண ஆல்பத்துல அது படம் இல்லைன்னு ரெண்டு வருஷம் எங்க வீட்டு வாசப்படி மிதிக்கல. காலுல விழுகாத கொறையாப் போயிக் கூட்டிட்டு வந்து தட்டு தூக்க வெச்சுருக்கேன். அதப் பூவுக்குள்ள அனுப்புறியா நீயி?"

"எங்க அக்கா கல்யாணத்தையே முக்கால் மணி நேரத்துல முடிச்சேண்ணே."

"உங்க அக்கா உங்கூடப் பேசுதா?"

"பேசுது." ஹரிஷ்குமார் தலையைச் சொறிந்தார். "அத்தான் வீட்டு ஆளுகதான் பேசல."

"பாத்தியா?"

தட்டு எடுப்பது என்பது எங்கள் பக்கம் சும்மா நடந்து வருவது இல்லை. வீடு தேடிப் போய் அழைக்க வேண்டும். அவர்கள் வந்து எடுத்தால், நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் போய் எடுக்க வேண்டும். வந்தேன், எடுத்தேன் என்பதற்கு வீடியோதான் சாட்சி. சிடி வந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் முகம் வருகிறதா என்றுதான் பார்ப்பார்கள். மாமன் மாலையைக்கூட அப்புறம்தான் பார்ப்பார்கள். இது எனக்குத் தெரியாதது இல்லை. பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நாப்பது ஜிபின்னு சொன்னியே. நீயும் வெட்டுறதாத்தான் இருந்தியா?"

தலையாட்டினேன்.

"யார?"

 மணி நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டேனே தவிர, அதில் ஆட்கள் இருந்தது எனக்குத் தோன்றவே இல்லை. ஒச்சாயி அத்தை மறுபடி கோபித்துக்கொண்டால், 'எவனாவது மூஞ்சியத் தூக்குனா' என்று அப்பா சொன்னது அங்கேயே நடந்துவிடும். ஜூன் மாதம் கண் முன்னால் சாக்பீஸ் தூளோடு வந்து நின்றது.

"யாரையும் வெட்டாம இருக்கணும்னா என்ன வேணும்?" என்று அப்பா ஹரிஷ்குமாரைக் கேட்டார்.

"பெரிய டிஸ்க் வேணும்ணே. நாலு டேப்பும் மொத்தமா உள்ள ஏறணும். முடிச்ச படத்துக்கும் இடம் வேணும். எம்பது ஜிபி ரெண்டு போட்டா நிம்மதி."

அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "லேத்துல பெட்டு நீளமா இருந்தாத்தான் நீளமான ஷாஃப்ட பிடிக்க முடியும். ஷாஃப்ட வெட்டிப் பிடிச்சா அது வேலையில்ல. ரெண்டு போடு."

"போடலாம். ஆனா நீங்க சொன்ன தொகைக்குள்ள வராது. வேற எதையாவது கழிக்கணும்."

கழிக்க ஆரம்பித்தோம். முதலில் நீல விளக்கு போனது. அண்ணன் அதைக் கடைசியாக ஒருமுறை சுற்றவிட்டுப் பார்த்தான். பிறகு ஸ்பீக்கர் போனது. "வீட்டுல டேப்ரிகார்டர் இருக்குல்ல, அதுல மாட்டிக்கிருவோம்." அப்போதும் கணக்கு உதைத்தது. மிச்சம் இருந்த பெரிய உருப்படி மானிட்டர்தான்.

"பழைய மானிட்டர் ஒண்ணு கெடக்கு" என்றார் ஹரிஷ்குமார். "சும்மாவே தாரேன். என்ன, மேல்பாதி கொஞ்சம் பச்சையாத் தெரியும்."

"சீர்ல வாரவுக எல்லாம் பச்சை மூஞ்சியோட வரணுமா?" என்றார் அப்பா. "ஏன் தம்பி, படம் பாக்கத்தான் வீட்டுல இருபத்தோரு இஞ்ச் டிவி இருக்கே. அதுல தெரியாதா?"

அப்பா எரிச்சலில்தான் அப்படிக் கேட்டார். ஆனால் ஹரிஷ்குமார் விரலைச் சொடுக்கினார். "தெரியும்ணே! டிவிக்கு ஒயர் போற மாதிரி ஒரு டிஸ்ப்ளே கார்டு இருக்கு. எழுத்து மட்டும் மங்கலாத் தெரியும். படம் நல்லாத் தெரியும். எப்படியும் சிடிய டிவியிலதானே பாக்கப் போறீங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டிவி எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது. கேபிள் ஒயர் அந்தச் சுவர் வரைக்கும்தான் வரும். அம்மா அதை மாடிப்படிக்குக் கீழே நகர்த்த விடுவாள் என்று யாருமே நினைக்க முடியாது. ஹாலுக்கு வாசல் கதவு ஒன்று உண்டு. பகலில் அது சாத்தியதே இல்லை. தெருவில் போகிறவர்கள் தண்ணீர் குடிக்கக்கூட உள்ளே வருவார்கள். நான் அங்கே நடுவில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும்.

"நீ சொல்லு" என்றார் அப்பா. "வேலை பாக்கப் போறது நீயி. ஒனக்குத் தோதுப்படாதுன்னா வேணாம். இன்னொரு நாளு பாப்போம்."

இன்னொரு நாள் என்றால் ஜூன் தாண்டிவிடும் என்று எனக்குத் தெரியும். தாழ்ப்பாளை ஒருமுறை நினைத்துக்கொண்டேன்.

"டிவிக்குப் போற கார்டே போடுங்க" என்றேன். "எழுத்து மங்கலா இருந்தா பரவாயில்ல. எது எங்க இருக்குன்னு மனப்பாடம் பண்ணிக்கிருவேன்."

ஹரிஷ்குமார் பழக்கத்தில் அண்ணன் முகத்தைப் பார்த்தார், அவன் திருப்பிச் சொல்வான் என்று. அண்ணன் வாயைத் திறக்கவில்லை. "சரிங்க மேடம்" என்றார் கடைசியில்.

புதன்கிழமை கம்ப்யூட்டர் ஷேர் ஆட்டோவில் என் மடியில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தது. அம்மா அதற்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கேமரா ஒயர் மாட்டுகிற துளையிலும் தாராளமாக ஒரு பொட்டு வைத்தாள். ஊக்கால் சுரண்டி எடுக்க அரைநாள் ஆனது. அம்மாவின் சீரியல் நேரம் போக மீதி நேரம் டிவி எனக்கு என்று ஒப்பந்தம் ஆனது. எழுத்துகள் உண்மையிலேயே எறும்பு மாதிரி நெளிந்தன. எந்த எறும்பு 'சேமி', எந்த எறும்பு 'அழி' என்று இரண்டு நாளில் பழகிக்கொண்டேன். நான்கு டேப்பும் முழுசாக ஏறின. முதல் டிஸ்க் முக்கால்வாசி நிறைந்தது. பின்னால் பாட்டுச் சேர்த்து, தலைப்புப் போட்டு, நாலு மணி நேரத்தை அப்படியே சிடிகளில் போட்டுவிட வேண்டியதுதான். முழுசாக யாரும் உட்கார்ந்து பார்க்கத் தேவையில்லை. முகம் இருந்தால் போதும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒச்சாயி அத்தை வந்தார்.

"என்னமோ டிவியில எங்க மூஞ்சிதான் ஓடுதாமே, தெருவே சொல்லுது" என்று சொல்லிக்கொண்டே ஹாலில் உட்கார்ந்தார். கூடப் பேயாண்டி மாமா மனைவி, அவர்கள் வீட்டு மருமகள், எதிர்வீட்டுக்காரர்கள். நான் டிவிக்கு முன்னால் பலகை போட்டு, கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து ஓட வழி இல்லை. ஒயர் நீளம் குறைவு.

"எங்க, நா வார எடத்தப் போடு தாயி."

போட்டேன். கடையில் டிஸ்க் நிறைந்ததால் நாங்கள் பார்க்காமல் விட்ட, ஊர்வலம் வாசலை அடைகிற இடம் அது. ஒச்சாயி அத்தை லட்டுத் தட்டோடு கம்பீரமாக வந்தார். நல்ல நடை. சட்டென்று வாசலில் நின்ற கடா திரும்பி, நாக்கை நீட்டி, அவர் தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்தது. அத்தை அதைத் திட்டினார். கடா இன்னொன்று எடுத்தது. அத்தை தட்டை உயர்த்தினார், முந்தானை நழுவியது, பக்கத்துப் பெண் அதைப் பிடிக்கப் போக அவள் தட்டு சாய்ந்தது. நான் கேமராவைப் பிடித்தபோது இது எதையும் கவனிக்கவில்லை. சிவப்புப் பட்டனை மட்டும் கவனித்திருக்கிறேன் போலிருக்கிறது.

ஹால் அதிர்ந்தது. பேயாண்டி மாமா மனைவி தரையில் அடித்துச் சிரித்தார். "மறுக்கா போடு, மறுக்கா போடு!"

"போட்டா கையை ஒடிச்சுருவேன்!" என்று கத்தினார் அத்தை. "எடுத்துரு செல்வி, அத எடுத்துரு!"

"எடுக்கக் கூடாது! அதான் நல்லாருக்கு!" என்றார் பேயாண்டி மாமா மனைவி.

"ஒன் மருமக மூக்கு நோண்டுறதும் இதுலதான் இருக்கு, அதயும் வைக்கச் சொல்லவா?"

நான் கேட்டேன். "அத்தை, எடுக்கவா, வைக்கவா?" யாருக்கும் கேட்கவில்லை. படத்தை நிறுத்தினேன். மறுபடி கேட்டேன். இந்த முறை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். ஹாலில் எல்லோரும் திரும்பினார்கள்.

"எடுத்துரு தாயி" என்றார் அத்தை, குரலைத் தாழ்த்தி. "ஆனா மொதல்ல நடந்து வாரது இருக்கணும். இருக்கும்ல?"

"இருக்கும் அத்தை. கடா திரும்புறதுக்கு முன்னாடி நிறுத்திர்றேன்."

"சிரிச்சேன்ல, அது வரைக்கும் வை."

வெட்டினேன். ஓட்டிக் காட்டினேன். அத்தை கடா இல்லாமல், சிரித்தபடி, லட்டு குறையாமல் நடந்து போனார். "என்னமா வெட்டிட்ட! ஒட்டுத் தெரியல பாரு" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். பிறகு மூக்கு நோண்டிய மருமகள் மெதுவாக என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். "அக்கா, என்னதும்..."

அதற்கப்புறம் நிற்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை செக்கானூரணியிலிருந்து அக்காவும் மாமியாரும் வந்தார்கள். கொட்டாவி விட்டவர்கள், சாப்பாட்டுப் பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்டவர்கள், கண்ணை மூடிக்கொண்டு நின்றவர்கள், ஒவ்வொருவராக வந்து தங்களைத் தாங்களே வெட்டச் சொன்னார்கள். மற்றவர் வெட்டினால் இரண்டு வருடம் பேசாதவர்கள், தங்கள் கையால் தாராளமாக வெட்டினார்கள். "இம்புட்டு நேரமா நடக்குறேன்? பாதி போதும்டி" என்றார் ஒரு பெரியம்மா. காசிமாயன் கொட்டுக்கு முன்னால் ஆடிய ஆட்டத்தை வெட்டச் சொன்னான். அப்பா கூடாது என்றார். வாக்கெடுப்பு நடந்தது. ஆட்டம் இருந்தது.

நான் ஒவ்வொருவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். ஹாலில் ஃபேன் சத்தம், பிள்ளைகள் சத்தம், அம்மா காப்பி ஆற்றும் சத்தம். எல்லாவற்றையும் தாண்டிக் கேட்க வேண்டியிருந்தது. கேட்டேன். அவர்கள் எல்லோரும் டிவியில் தங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது வசதியாக இருந்தது.

கடைசியில் நாலு மணி நேரம் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. இரண்டு சிடியில் அடங்கியது. நூற்றியொரு தட்டும் இருந்தன.

அந்த வாரம் ஹரிஷ்குமார் போன் செய்தார். நான்தான் எடுத்தேன். "என்ன மேடம், ரெண்டு டிஸ்க்கும் போதுமா, பத்தலையா?"

"ரெண்டாவது டிஸ்க் பெரும்பாலும் சும்மாதாங்க கெடக்கு. அவங்களே வந்து வெட்டச் சொல்லிட்டாங்க."

மறுமுனையில் சிரிப்பு. "அடடா. அப்ப ஒரு டிஸ்க்கக் கொறச்சு மானிட்டர் வாங்கியிருக்கலாமே."

"மானிட்டர் வாங்கியிருந்தா நான் உள்ரூம்ல உக்காந்திருப்பேன். யாரும் வந்து பாத்திருக்க மாட்டாங்க. பாக்கலேன்னா வெட்டச் சொல்லியிருக்க மாட்டாங்க. அப்ப ரெண்டு டிஸ்க்கும் தேவைப்பட்டிருக்கும்."

மறுமுனையில் கால்குலேட்டர் தட்டும் சத்தம் கேட்டது. "இந்தக் கணக்க எந்தப் பக்கம் போட்டாலும் மானிட்டர் வராது போலயே."

"வராது" என்றேன். நானும் போட்டுப் பார்த்திருந்தேன்.

செக்கானூரணியில் அக்கா வீட்டில் சிடியைப் போட்டார்கள். நான் போகவில்லை. அப்பா போய்விட்டு வந்தார். வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தண்ணீர் குடித்தார். நான் கதவோரம் நின்றேன்.

"ஒருத்தரும் மூஞ்சியத் தூக்கல" என்றார். "ஒச்சாயி மட்டும் கடா சமாச்சாரத்த ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. சிடியில ஏன் இல்லைன்னு எல்லாரும் எங்கிட்டத்தான் சண்டைக்கு வாராக."

"சேத்துத் தரவா?"

"வேணாம், விட்டுரு. பள்ளிக்கூடத்துக்காரருக்கு நாளைக்கு ஒரு வார்த்தை சொல்லிறணும், புள்ளைக்கு வீட்டுலயே வேலை இருக்குன்னு. நீயே போன்ல சொல்றியா, நான் சொல்லவா?"

"நானே சொல்றேன்."

மே மாதக் கடைசியில் மேலூர் பக்கம் ஒரு கல்யாணம். அண்ணன் எடுத்துவிட்டு வந்து ஐந்து டேப்பைப் பலகையில் வைத்தான். பின்னாலேயே பெண்ணின் அப்பா, காளை என்பவர், போன் செய்தார். நான் எடுத்தேன்.

"மிக்ஸிங் என்னைக்கும்மா?"

"ஞாயித்துக்கெழமை ஆரம்பிக்கலாம்னு இருக்கேங்க."

"நல்லது. நாங்க வந்துர்றோம். வந்து இருந்து பாத்து வெட்டிக்கிறலாம்னு செக்கானூரணிக்காரவுக சொன்னாக."

"எல்லாரும் வேணாங்க. முக்கியமான நாலு பேரு வந்தாப் போதும்."

"அதெப்படிம்மா, நாலு பேரக் கூப்புட்டா மத்தவுக கோவிச்சுக்கிற மாட்டாகளா? வேனு பேசிட்டோம்."

போனை வைத்துவிட்டு ஹாலைப் பார்த்தேன். சோபாவை வெளியே போட்டால் இடம் வரும். பிறகு எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று பாய் வேண்டும் என்று கேட்டேன்.